பாறை வெடிப்புகளில் தங்கும் கரைப்பான்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியாவில் குடியிருப்புகளுக்கு அருகே வாகனத் திருத்தகங்களின் கழிவு கொட்டப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, கழிவு எண்ணெயை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பதால் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மக்கள் தம் கிணறுகளில் அதைக் கண்டே குரல் எழுப்பினர். உலோகப் பாகங்களின் கிறீஸை அகற்றப் பயன்படும் ட்ரைக்குளோரோஎதிலீன் போன்ற கரைப்பான்களோ நிறமற்றவை, நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானவை. ஆதலால் அவை நீர்மட்டத்தையும் கடந்து இறங்கி, எமது கருங்கற் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து, அங்கிருந்து பல்லாண்டுகள் சிறுகச் சிறுக நீரில் கரைந்துகொண்டிருக்கும். நீரை இறைத்துச் சுத்திகரித்தாலும் அகன்ற வெடிப்புகளே கழுவப்படும். இறைப்பதை நிறுத்தியதும் ஒடுங்கிய வெடிப்புகளில் எஞ்சியது மீண்டும் கலக்கும். அமெரிக்காவில் ட்ரைக்குளோரோஎதிலீனுக்கான குடிநீர் உச்சவரம்பு லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், ஒரு போத்தல் சிந்தினாலும் அதைச் சிறிய விடயமாகக் கருத முடியாது.

நீர் இவ்வெடிப்புகளின் வழியே ஓடுவதால், மாசு எத்திசையில் செல்லும் என்பதை ஊகிப்பதும் கடினம். எங்கள் ஊரில் ஒரு குழாய்க்கிணற்றில் நீர் இறைத்தபோது பக்கத்து வளவுக் கிணறு அசையாதிருக்க, வீதிக்கு அப்பாலுள்ள கிணற்றின் நீர்மட்டம் இறங்கியதைக் கண்டிருக்கிறேன். எனவே, திருத்தகங்களின் வியாபார அனுமதியைப் புதுப்பிக்கும்போது, கரைப்பான்களைச் சீமெந்துத் தளத்தில் மூடிய கொள்கலன்களில் சேகரிப்பதை உள்ளூராட்சி மன்றங்கள் கட்டாயமாக்க வேண்டும். அயலிலுள்ள குழாய்க்கிணறுகளின் நீர்ப் பரிசோதனையில் இந்த இரசாயனங்களையும் சேர்க்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வவுனியா.