பறந்தவர்களே எழுதிய புத்தகங்கள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனிக்காலத்தில் படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று போனில் கேட்டாய். அவசரமாக இரண்டு பெயரைச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரில் மார்க்கம் எழுதிய ‘வெஸ்ட் வித் த நைட்’ புத்தகத்தில் தொடங்கு. கென்யாவில் வளர்ந்தவர், பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். 1936 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். விமானத்துக்குள்ளேயே பெட்ரோல் தொட்டிகள். ஒன்று முற்றிலும் வற்றி இன்ஜின் நின்ற பிறகுதான் அடுத்ததன் குழாயைத் திறக்க வேண்டும். நள்ளிரவு, புயல், கீழே கடல், இன்ஜின் ஓய்ந்துவிடுகிறது. இருட்டில் அவர் கை குழாயைத் தேடும் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மூச்சு முட்டும். கடைசியில் அவர் இறங்கியது கனடாவில் நீ இருக்கும் அதே நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரெட்டன் தீவின் சேற்று நிலத்தில்!

அடுத்து, நீ சிறுமியாக இருந்தபோது கீழே வைக்காமல் படித்த ‘குட்டி இளவரசன்’ ஆசிரியர் செந்த்-எக்சுபெரியின் ‘விண்ட், சேண்ட் அண்ட் ஸ்டார்ஸ்’. நான் படித்தவற்றில் இதற்குத்தான் முதலிடம். தபால் விமானத்தில் முதல்முறை கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஸ்பெயின் மீது எப்படிப் பறப்பது என்று சக விமானியான நண்பர் கியோமேயிடம் கேட்கிறார். கியோமே சொல்வது பெரிய நகரங்களைப் பற்றியல்ல. ஒரு வயலோரம் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்கள், புல்லுக்குள் மறைந்து ஓடும் ஓர் ஓடை, அவசரமாக இறங்கினால் குறுக்கே வந்துவிடக்கூடிய ஆட்டு மந்தை. இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறார்.

அதே கியோமே 1930இல் ஆண்டிஸ் மலைப்பனியில் விமானத்தோடு சிக்கி, ஐந்து பகல் நான்கு இரவு நடந்து உயிர் பிழைத்தார். ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று பனியில் படுத்துவிடுகிறார். அப்போது மனைவியின் நினைவு. உடல் கிடைக்காவிட்டால் காப்பீட்டுப் பணத்துக்கு அவள் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டுமே! சற்றுத் தள்ளி ஒரு பாறை தெரிகிறது. அதன்மேல் சாய்ந்து செத்தால் கோடையில் யாராவது கண்டெடுப்பார்கள் என்று எழுகிறார். எழுந்தவர் நடந்துகொண்டே இருந்துவிட்டார். இந்தப் புத்தகங்களில் என்னை இழுப்பது ஆபத்தே அல்ல, அம்மா. சாவு பக்கத்தில் நிற்கும்போதும் இவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பது தெரிகிறது.

லிண்ட்பெர்க் 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை 33 மணி நேரத்துக்குமேல் தனியாகப் பறந்ததை எழுதிய ‘த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ கொஞ்சம் நீளம். ஆனால் தூக்கத்தோடு அவர் நடத்தும் போராட்டத்துக்காகவே பொறுமையாகப் படிக்கலாம்.

கடல் கதை வேண்டுமென்றால் தோர் ஹெயர்டாலின் ‘கான்-டிக்கி’. ஆறு பேர், 1947இல், பால்சா மரத்தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாள் பயணம். மரங்கள் உரசிக் கயிறுகள் அறுந்துவிடும் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். மரம் மென்மையானது, கயிறுகள் அதற்குள் பதிந்து பத்திரமாக இருந்துவிட்டன. தென் அமெரிக்காவிலிருந்து போன மக்களே பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுகளில் குடியேறினார்கள் என்ற அவருடைய கோட்பாட்டை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. பயணம் மட்டும் அப்பட்டமான உண்மை.

அங்கே நூலகத்தில் கிடைக்காவிட்டால் சொல். அண்ணன் வரும்போது என் பிரதிகளைக் கொடுத்தனுப்புகிறேன். கோடையில் விடுமுறை கிடைத்தால் லூயிஸ்பர்க் பக்கம் போய், மார்க்கம் இறங்கிய பலீன் என்ற சிற்றூரையும் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அப்பா