திடீர்க் குழப்பத்துக்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமை மறதி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். நடைப்பயிற்சி, சர்க்கரைக் கட்டுப்பாடு, காது கேட்கும் கருவி எல்லாம் இருந்தன. நோய்த்தொற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வரி எங்கள் கண்ணில் முன்பே பட்டிருந்தால் மூன்று நாள்களை வீணாக்கியிருக்க மாட்டோம்.

அம்மாவுக்கு 76 வயது. பெரம்பூரில் என்னோடு இருக்கிறார். சென்ற ஆண்டு சித்திரை வெயிலில், ஒரு நாள் இரவு, என்றோ இறந்துபோன தம் தம்பிக்குச் சாதம் எடுத்துவைக்கச் சொன்னார். விடிந்து பார்த்தால், போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இல்லாத நாரில் இல்லாத பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். முல்லையும் கனகாம்பரமும் நெருக்கிக் கட்டுவதில் எங்கள் தெருவில் அவருக்கு இணை கிடையாது. அதே விரல்கள், அதே முடிச்சு. கையில் மட்டும் ஒன்றுமில்லை. உடம்பைத் தொட்டால் சூடும் இல்லை. அழைத்துப்போன இடத்தில், "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர்தான் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீர்த் தொற்று முற்றியிருந்தது. இரவில் எழுந்து கழிவறைக்குப் போகப் பயந்து, பொழுது சாய்ந்தபின் அம்மா தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்.

அம்மாவுக்கு வந்த இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயராம். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாமலே போகலாம். பேச்சு தடுமாறுவதுதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று பிதற்றினால் அது அவசரச் சிகிச்சைக்கு உரியது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மருந்து கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஆனால் பழைய அம்மா முழுதாகத் திரும்பவில்லை. இப்போது அவர் கட்டும் பூ முழத்துக்கு நாலு இடத்தில் நழுவுகிறது. முன்பே தொடங்கியிருந்த மறதியைத் தொற்று வெளியே காட்டியிருக்கலாம், அல்லது விரைவுபடுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். பின்லாந்தில் 2.6 லட்சம் பேரையும் பிரிட்டனில் கிட்டத்தட்ட 4.9 லட்சம் பேரையும் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனையில் சேரும் அளவுக்குத் தொற்று வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. எது காரணம், எது விளைவு என்ற கேள்வி அதில் மிஞ்சுகிறது என்பது உண்மை.

அந்தக் கேள்விக்கு அருகே போனது வேல்ஸ் நாட்டு ஆய்வு. அங்கே அக்கி (ஷிங்கிள்ஸ்) என்ற தொற்றுக்கான தடுப்பூசித் திட்டம் 2013 செப்டம்பரில் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு மட்டுமே ஊசி என்று வரம்பு வைத்தார்கள். ஒரு வாரம் முன்னே பிறந்தவருக்கும் பின்னே பிறந்தவருக்கும் வாழ்க்கையில் வேறென்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

அக்கி நமக்குப் புதிதல்ல. சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புகளில் பதுங்கியிருந்து, முதுமையில் கொப்புளமாக வெளிப்படுவதுதான் அது. என் பாட்டிக்கு அக்கி வந்தபோது குயவர் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காவி கரைத்து "அக்கி எழுதி" வந்தார்கள். அதற்கான தடுப்பூசி, வேல்ஸில் அன்று போட்டதைவிடப் புதிய வகை, இந்தியாவில் 2023 முதல் தனியாரிடம் கிடைக்கிறது. இரண்டு தவணை. விலையைக் கேட்டால் ஓய்வூதியக் குடும்பங்கள் பின்வாங்கும்.

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர் மறதிநோயோடு இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் தடுப்பூசித் திட்டமோ குழந்தைகளோடும் கர்ப்பிணிகளோடும் நின்றுவிடுகிறது. நிமோனியா, இன்ஃப்ளூயன்சா, அக்கி ஆகியவற்றுக்கான ஊசிகளை முதியோருக்கு இலவசமாகப் போடத் தமிழக அரசு முன்வர வேண்டும். கிண்டியிலுள்ள முதியோர் நல மையத்திலிருந்தாவது தொடங்கலாம்.

அதுவரை செலவே இல்லாத ஒன்று உண்டு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும்: "இந்த வாரம் பேச்சில் திடீர் மாற்றம் உண்டா? தண்ணீர் குடிக்கிறாரா, சிறுநீர் சரியாகப் போகிறதா?" எங்கள் தெருவுக்கு வரும் சகோதரியிடம் இவற்றை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.