கண்ணாடி முன்னால் மூன்று பெண்கள்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ பென் டிரைவில் போட்டுக் கொடுத்த அல்ஜீரியப் படங்கள் இரண்டையும் பார்த்துவிட்டோம். போனில் ஆரம்பித்தால் "கிளாஸுக்கு நேரமாச்சும்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பிரான்ஸை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய விடுதலைப் போரைப் பற்றி 1966-இல் வந்த 'அல்ஜியர்ஸ் போர்' படத்தில் மூன்று பெண்கள் கண்ணாடி முன்னால் நிற்கிற இடத்தை அப்பா இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஹாயிக் என்கிற வெள்ளைப் போர்வையைக் களைகிறார்கள், கூந்தலைக் கத்தரிக்கிறார்கள், பிரெஞ்சுக்காரிகள் மாதிரி உடுத்திக்கொள்கிறார்கள். பேச்சே இல்லை, மேளம் மட்டும்தான். கூடையில் குண்டோடு போகிறவர்களுக்குச் சோதனைச் சாவடியில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இளித்துக்கொண்டே வழிவிடுகிறார்கள்.

அந்தக் குண்டுவைப்பு 1956 செப்டம்பர் 30-இல் நடந்தது. நிஜத்தில் அன்று போனவர்கள் ஜமீலா பூஹிரெத், ஸொஹ்ரா த்ரீஃப், சாமியா லக்தாரி. ஸொஹ்ரா சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவி. படத்தில் குண்டு வைத்த கடைக்குள் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுவதைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு குண்டு வைத்தவளை வீராங்கனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் அல்ஜீரியர்கள் வாழ்ந்த பழைய நகர்ப்பகுதியான காஸ்பாவில் பிரெஞ்சுக்காரர்கள் இரவில் குண்டு வைத்து, தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களைக் கொன்றதும் படத்திலேயே இருக்கிறது. அதையும் ஒதுக்க முடியவில்லை. கூடையைக் காலால் உள்ளே தள்ளிய அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் என்ன ஓடியது? படம் அவள் முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறது, ஆனால் அவளைப் பேச விடவில்லை. பிரெஞ்சுப் படையின் கர்னல் மாத்யூவோ பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாவது படம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அல்ஜீரிய எழுத்தாளர் ஆஸியா ஜெபார் எடுத்த 'ஷெனுவா மலைப் பெண்களின் நூபா'. நூபா என்றால் ஒருவகை இசை, 'முறை' என்றும் பொருள் உண்டாம். ஆளாளுக்கு முறை வைத்துப் பேசுவது. போர் முடிந்து பதினைந்து வருஷம் கழித்து லைலா என்கிற பெண் சொந்த ஊர்ப்பக்கம் வந்து, கிழவிகளிடம் உட்கார்ந்து கதை கேட்கிறாள். ஷெர்ஷெல் பக்கத்து ஊர்கள், ஜெபார் பிறந்த மண். (அரபுப் பெண்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம், அந்த மலையில் வீட்டு மொழி பெர்பர்.) ரொட்டி சுட்டது, ஆட்களை ஒளித்துவைத்தது, வீடு எரிந்தது என்று அந்தப் பாட்டிகள் சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்கிறார்கள். போராளிகளாகப் பின்னால் பதிவானவர்களில் பெண்கள் கிட்டத்தட்ட 11,000 பேர். பெரும்பாலோர் துப்பாக்கியே தொடாதவர்கள். சோறு, மருந்து, தகவல், மறைவிடம் என்று போரைத் தாங்கியவர்கள். ஜெபார் அந்தப் படத்தை ஸுலீகா என்கிற பெண்ணுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். ஷெர்ஷெலில் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். மலையில் பிடிபட்டவர் திரும்பவே இல்லை.

1962-இல் விடுதலை. 1984-இல் வந்த குடும்பச் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. அந்தப் பாட்டிகளின் பெண்களுக்கும் பேத்திகளுக்கும் கிடைத்தது அது. இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இருபத்தெட்டு வருஷம் வரலாறு பாடம் எடுத்தேன். காலனி நாடுகளின் விடுதலை என்று அல்ஜீரியாவையும் நடத்தினேன். தேதி, தலைவர்கள், ஒப்பந்தம். ஒரு பெண் பெயர்கூட என் வாயில் வந்ததில்லை, எந்தப் பிள்ளையும் கேட்டதுமில்லை. அது இப்போது உறுத்துகிறது. ஜமீலா பூஹிரெத்துக்கு 1957-இல் மரண தண்டனை விதித்தார்கள். தப்பிப் பிழைத்து, 2019-இல் எண்பது வயது தாண்டியும் அல்ஜியர்ஸ் தெருவில் இளையவர்களோடு ஊர்வலம் போனார். அந்தப் புகைப்படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, யாரோ ஒரு பாட்டி என்று நான் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

நீ எடிட்டிங் படிக்கிறாய். உன் மேஜைக்கும் இப்படி ஒரு பாட்டி வருவாள். மாவு, விறகு, கிணறு என்று சுற்றிச் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவாள். நீளமாக இருக்கிறதே என்று கத்தரியைக் கொண்டுபோகாதே, கண்ணு.

இன்னொன்று. நீ தந்த பிரதியில் அந்தக் கிழவிகள் பேசும்போது நடுநடுவே சப்டைட்டில் வராமல் போகிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. முழுசாக இருக்கிற பிரதி கிடைத்தால், தீபாவளிக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா