பாடல் தொகுப்பில் பாடலாசிரியரின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இயங்கிவரும் கிறிஸ்தவ இசைக் குழுக்கள் சில, தாம் இதுவரை பாடியவற்றுள் மக்கள் மனத்தில் நின்ற பாடல்களைத் தெரிந்தெடுத்து ஒரே தொகுப்பாக வெளியிட்டு வருகின்றன. முன்பு ஒலிநாடாவாகவும் இறுவட்டாகவும் வந்தவை இப்போது பென்ட்ரைவிலும் யூடியூப்பிலும் வருகின்றன. நத்தாரை அண்டிய வாரங்களில் இவற்றின் வரவு அதிகம். முயற்சி நல்லதுதான். ஆனால், என் கைக்கு எட்டிய தொகுப்புகளில் பெரும்பாலானவற்றில் பாடலை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், அது முதன்முதலில் எப்போது பாடப்பட்டது என்ற விவரம் எதுவுமே இல்லை. நீண்ட காலம் பாடசாலையில் சங்கீதம் கற்பித்தும் கோயில் பாடகர் குழாமொன்றை நடத்தியும் வந்தவன் என்ற வகையில் இக்குறையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். தங்கள் பத்திரிகையில் இடமளித்தால் நன்றியுடையவனாவேன்.

நம் இளைஞர்கள் நன்கு அறிந்த ஒரு தொகுப்பையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு உருவான மேர்சிமீ என்ற கிறிஸ்தவ இசைக் குழு, 2009 ஏப்ரலில் 'டென்' என்ற பெயரில் தன் புகழ்பெற்ற பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. அதில் முதன்மையானது 'ஐ கேன் ஒன்லி இமாஜின்' என்ற பாட்டு. இங்கும் ஆங்கில ஆராதனைகளில் அதைப் பாடக் கேட்டிருக்கிறேன். குழுவின் பாடகர் பார்ட் மிலார்ட், 1991இல் புற்றுநோயால் இறந்த தம் தந்தையை எண்ணி எழுதியது அது. சிறுவயதில் தம்மிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்ட அத்தந்தை, பின்னாளில் விசுவாசத்தில் மனம் மாறியவர். தந்தை இறந்து சில ஆண்டுகள் கழிந்த பின், ஓர் இசைத்தொகுப்புக்கு இன்னும் ஒரு பாட்டு தேவைப்பட்டபோது, சில நிமிடங்களிலேயே இதை எழுதி முடித்ததாக மிலார்ட் சொல்லியிருக்கிறார். 1999இல் குழு தன் சொந்தச் செலவில் வெளியிட்ட தொகுப்பில் அது முதலில் வந்தது. ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றிருந்த பாடகி ஏமி கிரான்ட் அதைத் தாம் பதிவுசெய்ய எண்ணியிருந்து, பின்னர் எழுதியவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். 2001இல் இசை நிறுவனமொன்றின் வெளியீடாக மீண்டும் வந்தது. 2003இல் டலஸ் நகரில், கிறிஸ்தவ நிலையமல்லாத வர்த்தக வானொலியொன்று அதை ஒலிபரப்பப் போக, நேயர்கள் விடாது கேட்டுக் கேட்டே அது பொது வானொலிகளுக்கும் பரவியது. 2018இல் அப்பாட்டின் கதை திரைப்படமாகவும் வந்துவிட்டது.

இவ்வளவையும் நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பிறந்த ஒரு பாட்டை எழுதியவர், எழுதிய காரணம், வெளிவந்த ஆண்டு, கைமாறிய வழி ஆகிய அனைத்தும் இங்கே கல்லடியில் இருந்துகொண்டே எனக்குத் தெரியவருகின்றன. கல்லடிப் பாலத்திலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள ஊரொன்றில் பிறந்த பாட்டைப் பற்றி அதைப் பாடுகிற பிள்ளைக்கே எதுவும் தெரியாது.

'டென்' தொகுப்பில் எனக்கு உடன்பாடு இல்லாதவையும் உண்டு. இலண்டன் சிம்பொனி ஒர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து பதிவுசெய்த வடிவமொன்று அதில் இருக்கிறது. வயலின்கள் திரண்டெழும் இடங்களில், அப்பாட்டுக்கு உயிரான தனிக்குரலின் தயக்கம் அமுங்கிப்போகிறது என்பதே என் செவிக்குப் பட்டது. ஆயினும் அது பின்னாளில் செய்யப்பட்ட வேறு வடிவம் என்பதையும், யாருடைய வாத்தியங்களுடன் செய்யப்பட்டது என்பதையும் கேட்பவருக்கு ஒளிக்கவில்லை. அதேபோல, வானொலித் தரவரிசையில் ஏறியவற்றையே சிறந்தவை என்று கொள்ளும் அமெரிக்க வழக்கம் நமக்குப் பொருந்தாது. புத்தகத்தைப் பாராமலே சபை முழுவதும் பாடும் பாட்டு எது, மரண வீட்டில் எவரும் கேளாமலே ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் பாட்டு எது என்று பார்த்தாலே நம் தெரிவு கிடைத்துவிடும்.

இனி நம் நிலைமைக்கு வருகிறேன். அண்மையில் நகரத்துக் கடையொன்றில் அத்தகைய தொகுப்பு அடங்கிய பென்ட்ரைவ் ஒன்றை வாங்கிக் கணினியில் செருகிப் பார்த்தேன். கோப்புகள் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்றே வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் பெயர் 'புதுசு பைனல் 2'. ஒலிப்பதிவு கூடத்தில் அவசரத்துக்கு இட்ட பெயரை மாற்றவும் எவருக்கும் நேரம் இருக்கவில்லை போலும். அந்த 'புதுசு' உண்மையில் மிகப் பழைய பாட்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் உபதேசியாராக இருந்து காலமான ஒருவர், 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியில் கோயிற் கூரை பறந்துபோய், படங்கின் கீழ் வழிபாடு நடந்த நாட்களில் எழுதியது. பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணங்கள் கொண்டது. வேரோடு சாய்ந்த தென்னைகளையும், வாவியால் தோணியில் அரிசி கொண்டுவந்தவர்களையும் சொல்லும் மூன்றாம் சரணம்தான் அப்பாட்டை அவ்வூருக்குரியதாக்குவது. தொகுப்பில் அந்தச் சரணம் இல்லை.

மெட்டுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். உபதேசியார் அதை நாதநாமக்கிரியை இராகத்தில், ஆர்மோனியத்தை மட்டும் துணையாகக் கொண்டு, விளம்பமாகப் பாடுவார். இரங்கற்குரிய அந்த இராகத்தின் சோகம் முழுவதும் சுத்த ரிஷபத்திலும் சுத்த தைவதத்திலும் தங்கியிருக்கிறது. புதிய பதிவில் கீபோட்டின் கோர்ட்டுகளுக்கு இசைவாக அவ்விரு சுரங்களையும் உயர்த்திவிட்டார்கள். அழுத பாட்டு சங்கராபரணச் சாயலில் கைதட்டிப் பாடும் பாட்டாகிவிட்டது. புதிதாக இசையமைப்பதை நான் எதிர்ப்பவனல்லன். வாலிபர் கூட்டத்துக்கு அந்த வேகம் தேவையாகவும் இருக்கலாம். ஆனால் பழைய மெட்டு இப்படி இருந்தது என்று ஒரு வரியேனும், முடிந்தால் பழைய ஒலிநாடாவிலிருந்து ஒரு நிமிடத் துண்டேனும், தொகுப்பில் சேர்ந்திருக்க வேண்டாமா? உறையிலோ குழுவினரின் முகங்கள் பெரிதாகவும், அப்பாட்டுக்கு நேரே 'மரபுப் பாடல்' என்ற சொல் மிகச் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருந்தன. உபதேசியாரின் பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர் தம் கைப்பட இராகம், தாளம், திகதி எல்லாம் குறித்து எழுதிவைத்த சீ.ஆர். கொப்பியும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இதைக் குழுவினர் ஒருவரிடம் பேசியபோது, "பாட்டு ஆண்டவருக்குரியது, அதில் மனிதன் பெயர் எதற்கு?" என்று கேட்டார். பக்தியான கேள்வி. ஆனால் அவர் தினமும் வாசிக்கும் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தையே திறந்து பார்க்கட்டும். தாவீதின் சங்கீதம், ஆசாபின் சங்கீதம், கோராகின் புத்திரரின் சங்கீதம் என்று பெரும்பாலான பாட்டுகளுக்குப் பெயர் உண்டு. தொண்ணூறாம் சங்கீதத்தின் தலைப்பில் மோசேயின் பெயர் இருக்கிறது. நாலாம் சங்கீதத்தின் தலைப்போ, நெகினோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று வாத்தியத்தையும் பொறுப்பானவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆண்டவருக்குரிய பாட்டில் அவ்வளவு விவரமும் எழுதியவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தமிழ்க் கிறிஸ்தவ மரபும் பெயரை மறைத்த மரபன்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் உயிரோடிருந்தார். அத்தொகுப்பின் பெரும்பலம் அவருடைய பாடல்களே. பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிடும் வழக்கத்தைக் கீர்த்தனைப் புத்தகங்கள் இன்றும் கைவிடவில்லை. நம் காலத்திலேயே அருட்தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதி தொகுதியாக இலக்கமிட்டு வந்தபடியால், எந்தப் பாட்டு முந்தியது, எது பிந்தியது என்பது பாடுவோருக்குக் குழப்பமின்றித் தெரிகிறது.

இது மரியாதையோடு நின்றுவிடும் விடயமுமன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாடலாசிரியரின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அதற்கு எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை, எழுதிய உடனேயே உரிமை வந்துவிடும். பிரதிகளில் தம் பெயர் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று கோருவதும், தம் கௌரவத்துக்கு ஊறு விளையும்படி ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்ப்பதும் அவருடைய தார்மீக உரிமைகள். 1978இல் எழுதப்பட்ட பாட்டொன்று எக்காரணம் கொண்டும் உரிமையாளரற்ற 'மரபுப் பாடல்' ஆகிவிடாது. உபதேசியாரின் குடும்பத்தார் வழக்குக்குப் போகிறவர்கள் அல்லர். அவர்கள் கேட்பது தகப்பனின் பெயரை மட்டுமே.

விவரம் சேர்க்கப் பணம் இல்லை என்ற சமாதானமும் செல்லாது. இறுவட்டுக் காலத்தில் பக்கங்களாக அச்சிடச் செலவாகியது உண்மை. இன்றைய எம்பி3 கோப்பிலேயே பாடலின் பெயர், பாடியவர், இயற்றியவர், ஆண்டு ஆகியவற்றைப் பதிய இடமுண்டு. இலவச மென்பொருளொன்றைக் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் முழுத் தொகுப்புக்கும் பதிந்துவிடலாம். யூடியூப்பில் காணொளிக்குக் கீழே எவ்வளவு வேண்டுமாயினும் எழுதலாம். அந்த இடத்தில் இப்போது காணப்படுபவை தொலைபேசி இலக்கமும், பகிரும்படி வேண்டுகோளும்தான்.

மெய்யான சிரமம் பழைய ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. வாவிக்கரைக் காற்றின் ஈரத்தில் ஒலிநாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒட்டிக்கொண்ட நாடாவை அப்படியே ஓடவிட்டால் அறுந்துபோகும். சூறாவளிக்குத் தப்பியவற்றில் ஒரு பகுதியை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களிலிருந்து வாரிக்கொண்டு போயிற்று. மீந்திருப்பவை குருவானவர் இல்லத்து அலுமாரிகளிலும், பழைய பாடகர்களின் வீட்டுத் தகரப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் திருகாணியைக் கழற்றித் துப்புரவாக்கத் தெரிந்தவர்களின் உதவியோடு, உடனே எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக முழுமையாகப் பதிவுசெய்துவைத்தால், எந்தக் குழு எப்போது தொகுப்பு வெளியிட்டாலும் மூலப்பதிவு கைவசம் இருக்கும். ஒலிநாடாவின் மேல் பேனாவால் எழுதியிருப்பதையும் மறவாமல் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பாடியவர் பெயரும் பாடிய நாளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதற்கு ஆளும் இடமும் இல்லாத மாவட்டமல்ல இது. மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்று, பின்னாளில் யாழ்நூலைத் தந்த காரைதீவுப் பெருமகன் சுவாமி விபுலாநந்தரின் பெயரிலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இயங்குகிறது. அங்கு இசை பயிலும் மாணவர்களுக்கு ஆய்வுப் பொருளாக, தத்தம் ஊர்க் கோயில்களின் பாடற் கொப்பிகளைச் சேகரித்து இராக தாளக் குறிப்புகளுடன் ஒழுங்குசெய்யும் பணியைக் கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம், ஒலிப்பதிவுகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. கத்தோலிக்க மறைமாவட்டமும், மெதடிஸ்த திருச்சபையும், ஏனைய சபைகளும் தத்தம் பங்குகளுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். சபை வேறுபாடு இதில் குறுக்கே நிற்கத் தேவையில்லை. பாடல்கள் எந்த வேலியையும் பார்த்துக்கொண்டா இருந்தன?

தொகுப்பு வெளியிடவிருக்கும் குழுக்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. பாடலை எழுதியவரின் ஊரைத் தேடிப்போய் வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள், சரணங்களை விடாதீர்கள், விட நேர்ந்தால் விட்டதைச் சொல்லுங்கள், பெயர் எவ்வளவு தேடியும் கிடைக்காவிடின் 'இயற்றியவர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். 'மரபுப் பாடல்' என்று எழுதினால் அதோடு தேடுதலும் நின்றுவிடுகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய தொகுப்புகளின் வெளியீட்டு விழாச் செய்திகள் தங்கள் பிராந்தியப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், முதற்பிரதி பெற்றவர் என்று எல்லோருடைய பெயரும் அவற்றில் தவறாமல் இருக்கும். செய்தியாளர்கள் அடுத்த முறை பாடலாசிரியர்களின் பெயர்களையும் கேட்டு வாங்கி, அதே செய்தியில் பிரசுரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.