தன்பால் ஈர்ப்புள்ளோருக்காகப் பாடுபடுவோரும் நம் சமூகத் தலைவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் சம உரிமைக்குக் குரல் கொடுப்பவர்களோடு நம் சமூகத் தலைவர்கள் எவரும் ஒரே மேடையில் அமரக் கூடாது என்றும், அது மேலை நாட்டினர் இங்கே கொண்டுவந்து இறக்கிய விவகாரம் என்றும், வேலை, படிப்பு, குடியுரிமை என்று நமக்கு ஆயிரம் சிக்கல் இருக்க இது எதற்கு என்றும் கேட்டு ஒரு கடிதம் வெளிவந்திருந்தது. எழுதிய அன்பரின் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. பினாங்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இது மேலை நாட்டுச் சரக்கு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர் உண்மையாக எடுத்துக்கொண்ட இரண்டும் உண்மையல்ல என்பதால் இந்த மறுமொழியை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம்மவர் பலர் இதை முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய ஷரியா விவகாரம் என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறார்கள். 2018 செப்டம்பர் 3-ஆம் நாள் கோல திரெங்கானு ஷரியா நீதிமன்றத்தில், சுமார் நூறு பேர் பார்த்திருக்க, ஒருவரோடொருவர் உறவு கொள்ள முயன்றதற்காக இரண்டு பெண்களுக்குத் தலா ஆறு பிரம்படி கொடுக்கப்பட்டபோது, ‘அது அவர்கள் மதத்துக் காரியம், நமக்கென்ன’ என்றுதான் எங்கள் பக்கத்துக் காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு என்று சொல்லித் தண்டிக்கும், மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளோ மதம் பார்ப்பதில்லை. சம்பந்தப்பட்ட இருவரும் வயது வந்தவர்களாகவும் மனமொத்தவர்களாகவும் இருந்தாலும், யாருக்கும் அவர்கள் தீங்கு செய்யாதிருந்தாலும், 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க அவை இடம் தருகின்றன. 377டி பிரிவு பெண்களையும் உள்ளடக்கி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது. ஜார்ஜ்டவுனில் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகும் தமிழருக்கும் மாதா கோயிலுக்குப் போகும் தமிழருக்கும் இந்தச் சட்டம் ஒன்றே. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போகும் தமிழருக்கு மட்டும் இதற்கு மேல் இன்னொரு சட்டமும் உண்டு.

மேலை நாட்டுச் சரக்கு எது என்று தேடினால் கையில் அகப்படுவது இந்தச் சட்டம்தான். ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கென்று இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871-இல் அப்படியே கொண்டுவந்தார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் ரப்பர் மரத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அது இங்கே வந்து இறங்கிவிட்டது. பிறந்த இடமான இந்தியாவில், மனமொத்த பெரியவர்களைத் தண்டிக்கும் அளவில் அப்பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். அதாவது, கோல திரெங்கானுவில் பிரம்பு சுழன்ற மூன்றாம் நாள். சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. நாமோ அச்சட்டத்தை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உரிமைக்காகப் பேசுவோர் வெளிநாட்டார் ஏவிவிட்ட ஆட்கள் என்ற குற்றச்சாட்டுக்கு 2023 ஜூலையில் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறேன். செப்பாங்கில் நடந்த இசை விழாவில் ஒரு பிரிட்டிஷ் பாடகர் இந்நாட்டுச் சட்டத்தைத் திட்டிவிட்டு, மேடையிலேயே தன் குழுவினர் ஒருவருக்கு முத்தமிட்டுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். விழாவின் எஞ்சிய நாட்கள் ரத்தாயின. அவரை முதலில் கண்டித்தவர்களுள் இங்குள்ள உரிமை ஆர்வலர்களும் இருந்தார்கள். அவர் போன பிறகு வரும் அடிக்கு முதுகைக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே?

அந்த ஆர்வலர்கள் யார்? அவர்களில் நமக்கு அறிமுகமான பெயர்களை நான் புதிதாகத் தேடி எடுக்க வேண்டியதில்லை. டத்தோ அம்பிகா சீனிவாசன் வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தபோதும் தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணியை வழிநடத்தியபோதும் ‘நம் பெண்’ என்று பெருமை பேசாத தமிழர் இல்லை. 2008 முதல் கோலாலம்பூரில் ‘செக்ஷுவாலிட்டி மெர்டேக்கா’ என்ற பெயரில் இவ்வுரிமைகள் குறித்து ஆண்டுதோறும் கலந்துரையாடல்களும் நாடகங்களும் கொண்ட ஒரு சிறு விழா நடந்து வந்தது. பாங் கீ தேக்கும் ஜெரோம் குகனும் தொடங்கியது. 2011 நவம்பரில் அம்பிகா அதனைத் தொடக்கி வைப்பதாக இருந்தது. அச்செய்தி பரவியதும் கண்டனக் கூட்டங்கள் கிளம்பின, போலீசார் விழாவுக்குத் தடை விதித்தார்கள், அம்பிகாவையும் அழைத்து விசாரித்தார்கள். தடையை எதிர்த்து ஏற்பாட்டாளர்கள் தொடுத்த மனுவையும் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெர்சேவுக்காக அவரைத் தோளில் தூக்கிய நம் இயக்கங்களில் எத்தனை அந்த வாரம் அவருக்காக வாய் திறந்தன என்பதைத் தங்கள் அலுவலகத்தின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

அம்பிகா புகழ் பெற்றவர். அவருக்குத் தாங்கும் வலு உண்டு. நான் அதிகம் சொல்ல விரும்புவது பெயர் வெளியே வராதவர்களைப் பற்றி. கோலாலம்பூரில் இன்று பிடி அறக்கட்டளை என்று அறியப்படும் அமைப்பு 1987-இல் பிங்க் டிரையாங்கிள் என்ற பெயரில், எய்ட்ஸ் குறித்தும் பாலியல் ஐயங்கள் குறித்தும் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் சேவையாகத் தொடங்கியது. முகம் காட்டாமல் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதே அன்றைய தேவை. திலகா சுலதிரே போன்றோர் நடத்தும் ‘ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்’ கைது செய்யப்படும் திருநங்கையருக்குச் சட்ட உதவி தேடித் தருவதையும், தன்பால் ஈர்ப்புள்ளோர் மீதான அத்துமீறல்களைப் பதிவு செய்வதையும் பணியாகக் கொண்டுள்ளது. இவற்றைப் போன்ற ஓர் அமைப்பில் தொண்டாற்றும் தமிழ்ப் பெண்ணொருவரை என் முன்னாள் மாணவி மூலம் அறிவேன். பகலில் கணக்காளர் வேலை. இரவு பதினொன்றுக்கு மேல் வரும் அழைப்புகளுக்கென்றே ஒரு பழைய கைப்பேசி வைத்திருக்கிறார். தமிழில் பேசுபவர்கள் அநேகமாக எல்லோரும் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘அக்கா, வீட்டுக்குச் சொல்லிட மாட்டீங்களே?’ என்பதுதானாம். அதன் பிறகுதான் எந்தப் போலீஸ் நிலையம், யார் அடித்தது, இரவு தங்க இடம் இருக்கிறதா, அடையாள அட்டையை அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டாரா என்ற பேச்செல்லாம். இதில் மேடையும் இல்லை, முழக்கமும் இல்லை. வழக்கறிஞரை எழுப்புவதும் வாடகைக் காருக்குப் பணம் அனுப்புவதும் காலையில் மருத்துவமனைக்குத் துணை போவதுமாகவே அந்த வேலை கழிகிறது. ‘பிரசாரம்’ என்று கடிதம் எழுதிய அன்பர் குறிப்பிடுவது இதைத்தான் என்றால், நம் ஊரில் நடக்கும் பல பொதுத்தொண்டுகளையும் அப்படித்தான் அழைக்க வேண்டிவரும்.

எங்கள் மாநிலமும் இதில் பெருமைப்பட ஏதுமில்லை. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியொன்றில், தேசியக் கொடியோடு நின்ற மலேசியர் பலரின் படங்களுக்கு நடுவே நிஷா ஆயுப், பாங் கீ தேக் ஆகிய இருவரின் படங்களும் மாட்டப்பட்டிருந்தன. சமய விவகாரங்களைக் கவனித்த அமைச்சரின் உத்தரவுப்படி அவ்விரண்டும் மட்டும் சுவரிலிருந்து அகற்றப்பட்டன. நிஷா, சௌக்கிட் பகுதியில் வீடற்ற திருநங்கையருக்கும் ஏழைகளுக்கும் உதவும் சீட் அறக்கட்டளையை உருவாக்கியவர்களுள் ஒருவர். 2016-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிகு பெண்மணிகள் விருதைப் பெற்றவர். கொடியைப் பிடித்து நிற்கக்கூட அவருக்குத் தகுதி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது என்று விளங்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சரின் அலுவலகத்தில் சேர்ந்திருந்த நுமான் அஃபிஃபி, இவ்வுரிமைகளுக்காக முன்பு உழைத்தவர் என்பதற்காகக் கிளம்பிய எதிர்ப்பால் பதவி விலக நேர்ந்தது. அந்த ஆண்டு ஆட்சி மாறியும் இந்த ஒன்று மாறவில்லை.

ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2011-இல் திரெங்கானுவில், நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரிகிறது என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களைப் பெசுட்டில் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். நாடே பேசியது, பிறகு மறந்தது. 2017 ஜூனில் இதே பினாங்கில் 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், முன்னாள் பள்ளித் தோழர்கள் உள்ளிட்ட சிலரால் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்து, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். அவர் மென்மையாகப் பழகுவதைக் கேலி செய்து பள்ளி நாட்களிலேயே துன்புறுத்தினார்கள் என்று அவருக்கு வேண்டியவர்கள் அப்போது கூறினார்கள். அவருடைய மனம் எவர்பால் ஈர்க்கப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. பகடிவதைக்கு எதிராக அந்த மாதம் நம் தலைவர்கள் பலர் அறிக்கை விட்டார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஆனால் ஓர் ஆண்பிள்ளையின் நடை சற்று வேறாக இருந்தால் அவனை எதற்காக அடிக்கத் தோன்றுகிறது, அந்தக் கேலிச் சொற்களை நம் பிள்ளைகள் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற கேள்வியை, நான் கேட்டவரையில், எந்த மேடையிலும் எவரும் எழுப்பவில்லை. வகுப்பறையில் ஆசிரியரே அப்படியொரு பையனை நடந்து காட்டச் சொல்லிச் சிரிப்பதை நான் பணியாற்றிய காலத்தில் பார்த்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால் ஒரே கூட்டத்தில் நிறுத்தக்கூடிய வழக்கம் அது. நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அடுத்தது கல்யாணம். மகன் பெண்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் மந்திரிப்பார்கள், பிறகு ஜாதகத்தை எடுப்பார்கள். ‘ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் பெரியவர்கள், அந்தக் கால்கட்டாக வந்து சேரும் பெண்ணின் கதியை ஒரு நிமிடமும் எண்ணிப் பார்ப்பதில்லை. சுங்கை பட்டாணியிலோ ஈப்போவிலோ பிறந்து, நகையும் சீரும் கொண்டுவந்து, இரண்டு ஆண்டு கழித்தும் தன்னிடம் என்ன குறை என்று தெரியாமல் பிள்ளைப்பேற்று மருத்துவரிடம் தனியாக வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு இந்தச் சமுதாயம் என்ன பதில் வைத்திருக்கிறது? பெண்ணை விரும்பும் பெண்ணின் நிலை இதைவிடக் கொடியது. அவள் சம்மதத்தைக் கேட்பதே இல்லை. சம உரிமை கேட்பவர்கள் குடும்பத்தைக் குலைக்கிறார்கள் என்று சொல்பவர்கள், உண்மையை மறைத்துச் செய்துவைக்கும் கல்யாணங்கள் எத்தனை குடும்பங்களைக் குலைக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இது குறித்துத் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறிய அவர், உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகே, 2021 ஜூன் 7-ஆம் நாள், இத்தகையோரைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்றும், ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் செய்யப்படும் சிகிச்சைகள் தடை செய்யப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு நீதிபதியின் மதிப்பைக் குறைக்கவில்லை. நம் சங்கத் தலைவர்களின் மதிப்பையும் குறைத்துவிடாது.

நம் தலைவர்களிடமும் நான் மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. கோல திரெங்கானு பிரம்படியை அப்போதைய கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் சந்தியாகோ வெளிப்படையாகக் கண்டித்தார். இவர்களைக் குறிவைப்பதை நிறுத்துங்கள் என்றார். சொன்னதால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் கூட்டத்தில் யார் யாரை விரும்புகிறார்கள் என்று கேட்டா தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறோம்? அதே ஆலய நிர்வாகங்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை படியேறி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற ஒரு தொலைபேசி எண்ணை அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கலாம். பெற்றோரிடம் பேசப் பக்குவமுள்ள ஒருவரை அனுப்பலாம். அவ்வளவுதான்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சோதனை நடவடிக்கைகளில் பிடிபட்டவர்களின் முகத்தை மறைக்காமல், ஊர் பெயரோடு படம் வெளியிடும் வழக்கத்தைத் தமிழ் நாளிதழ்கள் நிறுத்த வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாமல் வெளியே வருபவர், அந்தப் படத்தால் வேலையையும் வீட்டையும் இழந்துதான் வருகிறார். இந்த விவகாரம் செய்தியாகும் நாட்களில் கண்டன அறிக்கை விடுவோரின் கருத்தைக் கேட்கும் தங்கள் நிருபர்கள், களத்தில் இருக்கும் தமிழ் ஆர்வலர் ஒருவரையும் அழைத்துக் கேட்கட்டும். எங்கள் வட்டாரத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து, உளவியல் ஆலோசகர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் வரவழைத்து, பெற்றோருக்கென ஒரு மாலைக் கூட்டம் நடத்த ஏற்பாடு செய்து வருகிறோம். அதன் அறிவிப்பைத் தனியே அனுப்பியுள்ளேன். மற்றச் சங்கங்களின் கூட்ட அறிவிப்புகள் வரும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு