எந்தப் பாவத்துக்காக அழுவது?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்!

தங்கள் இதழின் தவக்காலச் சிந்தனையில், ‘மலைக்காகவும் குளத்துக்காகவும் அழுவது அரசியல், தன் பாவத்துக்காக அழுவதே மனமாற்றம்’ என்று ஒரு வரி இடம்பெற்றிருந்தது. மலையை உடைத்ததும் குளத்தைத் தூர்த்ததும் யாருடைய பாவம் என்பதையும் அதே பக்கத்தில் தெரிவித்திருந்தால், கல்குளம் வட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்ய எளிதாக இருந்திருக்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் சூழலியல் மனமாற்றத்தை வலியுறுத்துவதையும், படைப்பைப் பேணுவதை இரக்கச் செயல்களோடு சேர்க்குமாறு மறு ஆண்டே அவர் கேட்டுக்கொண்டதையும் தாங்கள் அறிவீர்கள். அவரும் அரசியல்தான் செய்தார் போலும்.

இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுவோர் தலைவர் சக்கேயு அழுததாக நற்செய்தியாளர் லூக்கா எழுதவில்லை. ஏமாற்றிக் கவர்ந்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் சொன்னார் என்றே எழுதியிருக்கிறார். எங்கள் பங்குத்தளத்தில் தூர்க்கப்பட்ட குளத்தில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தரக்கூட ஆள் இல்லை. அங்கே இப்போது திருவிழா வாகனங்கள் நிற்கின்றன. அந்த நல்ல காரியத்துக்கு உதவியவர்களின் பெயர்கள் கல்வெட்டில் மின்னுகின்றன. அக்குளத்துத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூவும் (போகமும்) நெல் விளைந்த எங்கள் ஏலாவில் (வயல்வெளியில்) முதலில் வாழை வந்தது, பிறகு தென்னை வந்தது, இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. சுசீந்திரம்–தேரூர் குளங்களை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்த செய்தியை நாமெல்லாம் பெருமையோடு படித்தது இதே மாவட்டத்தில்தான்.

வீட்டுக்கு வடக்கே இருந்த பொற்றையை (சிறு பாறைக்குன்றை) வெடிவைத்து உடைத்தபோது என் வீட்டுச் சுவர் விரிசல் கண்டது. மனுவோடு சென்ற என்னிடம், ‘கோயில் வேலைக்கும் அங்கிருந்துதானே கல் வருகிறது, தாழ்ச்சியோடு பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் பங்குப் பொறுப்பாளர் ஒருவர். தாழ்ச்சி என்னும் புண்ணியம் விரிசல் விழுந்த வீட்டுக்காரனுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏனெனில் அவ்வாண்டுக் கொடியேற்றத்தன்று, புனிதரின் படத்தைவிடப் பெரிதாகத் தம் படத்தை பிளக்ஸில் அச்சிட்டுத் தெருமுனையில் நிறுத்தியிருந்தவரும் அவரே. இயேசு சொன்ன உவமையில், கோயிலில் தொலைவில் நின்று தாழ்ச்சியோடு மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவருக்கு யாரும் பிளக்ஸ் வைத்ததாக நான் மறையுரையில் கேட்டதில்லை.

மனிதரை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் என்று விவிலியத்தின் தொடக்கநூல் கூறுகிறது. பண்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு ஜே.சி.பி.யை இறக்கும் நாம், இரண்டாவது கடமையை அரசியல்வாதிகளுக்கு ஒதுக்கிவிட்டோம். தங்கள் இதழோ அதற்கு ஆன்மிக விளக்கமும் அளித்துவிட்டது.

தங்களிடம் பெரிதாக எதையும் கேட்கும் தகுதி எனக்கில்லை. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை கடைப்பிடிக்கப்படும் படைப்பின் காலத்திலாவது, இதழைப் பாலித்தீன் உறையில் இடாமல், முன்பு போலத் தாள் சுற்றி அனுப்பக் கோருகிறேன். மழையில் நனைந்து வந்தாலும் உலர்த்திப் படித்துக்கொள்வேன். இவ்வாண்டுச் சந்தாவை ஏற்கெனவே செலுத்திவிட்டேன்.

பணிவுடன்,
ஒரு நெடுநாள் சந்தாதாரர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்