அந்த மணிக்கு யாராவது பதில் சொல்லுங்கள்

திருகோணமலை நகரிலுள்ள அந்த நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் நிருவாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற கிழமை மின்சாரம் தடைப்பட்டபோது உங்கள் லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் நின்றுபோனதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உள்ளே இருந்தவர்களில் நானும் ஒருவன். ஒருவழியாக வெளியே வந்ததும் உங்கள் உத்தியோகத்தர் ஒருவர், "யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லைத்தானே?" என்று கேட்டார். பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பார். நடந்ததை நான் எழுதுகிறேன்.

விளக்கும் மின்விசிறியும் ஒன்றாக நின்றன. அவசர விளக்கு எரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் மணிப் படம் போட்ட பொத்தானைத் தேடி அழுத்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியே எங்காவது அடித்ததா, அடித்திருந்தால் எவர் காதிலாவது விழுந்ததா, தெரியாது. பொத்தானுக்குக் கீழே ஒட்டியிருந்த தொலைபேசி இலக்கத்தில் கடைசி இரண்டு எண்கள் உரிந்துபோயிருந்தன. அவசர அறிவுறுத்தல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வெற்றிலை துப்ப வேண்டாம் என்ற அறிவித்தலுக்கு மட்டும் மூன்று மொழிகளும் கிடைத்திருக்கின்றன.

என் பக்கத்தில் நின்றவர், ஓய்வூதிய விடயமாகக் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஓர் உம்மா. முழங்கால் வலி, அதனால்தான் லிப்டில் ஏறினார். "மகன், கயிறு அறுந்துவிடுமா?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "காற்று வருமா?" என்றார். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியும், சொன்னேன். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி தளரவேயில்லை. தன்னைப் போலவே அகப்பட்டு நிற்பவன் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? அதற்குள் ஓர் இளைஞர் கதவின் இடுக்கில் விரல்களை நுழைத்துப் பிளக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கும் லிப்டிலிருந்து கதவைப் பிளந்து குதிப்பதில்தான் உயிர் போகும். அவரை அதற்குத் தூண்டியது, வெளியிலிருந்து ஒரு சொல்கூட வராததுதான்.

ஐயா, லிப்ட் உண்மையில் பயப்பட வேண்டிய பொருளே அல்ல. அது தொங்குவது ஒரேயொரு கயிற்றில் அல்ல. பல உருக்குக் கயிறுகளில். வேகம் மிஞ்சினால் பக்கத் தண்டவாளங்களைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பும் உண்டு. 1854 இல் நியூயோர்க்கில், கயிறு அறுந்தாலும் லிப்டைப் பிடித்து நிறுத்தும் அமைப்பைக் கண்டுபிடித்த எலிஷா ஓட்டிஸ், தான் நின்ற மேடையின் கயிற்றை எல்லோர் முன்னிலையிலும் வெட்டச் செய்து, விழாமல் நின்று காட்டினார். மின்சாரம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். மின்சாரம் போனதும் சுருள்வில் அதை இறுக்கிவிடும். ஆகவே அன்று நின்றது, நிற்க வேண்டியபடிதான் நின்றது. காற்று வரவும் துவாரங்கள் உண்டு. இவ்வளவையும் உள்ளே இருப்பவருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும். நான் கேட்பது அந்தக் குரலைத்தான்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. இயக்குவதற்கு உள்ளே ஓர் ஆள் இல்லாமல் தானே இயங்கும் லிப்ட் வந்த பிறகும் மக்கள் நெடுங்காலம் அதில் ஏற அஞ்சினார்கள். 1945 இல் நியூயோர்க் லிப்ட் இயக்குநர்கள் வேலைநிறுத்தம் செய்து நகரமே முடங்கிய பின்னர்தான் ஆளில்லா லிப்டுக்கு வழி பிறந்தது. அப்போதும் அவசரத் தொலைபேசி, ஆறுதலாகப் பேசும் பதிவுக் குரல் என்று சேர்த்துத்தான் மக்களை ஏற்றினார்கள். இன்றைய ஐரோப்பிய நியமப்படி, அபாய அழைப்பு போய்விட்டது என்று காட்ட மஞ்சள் விளக்கு, மறுமுனையில் தொடர்பு கிடைத்துவிட்டது என்று காட்டப் பச்சை விளக்கு. அவசர விளக்கு ஒரு மணி நேரமாவது எரிய வேண்டும். பின்சுவரில் வைக்கும் கண்ணாடி தலைசீவுவதற்கு அல்ல. சிறிய பெட்டியை விசாலமாகக் காட்டவும், சக்கர நாற்காலியில் வந்தவர் திரும்ப இடமின்றிப் பின்னோக்கி இறங்கும்போது வழி பார்க்கவும்தான். உங்கள் கண்ணாடியில் காப்புறுதி விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

மின்தடை எதிர்பாராதது என்று சொல்லிவிடாதீர்கள். 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது என்று அமைச்சரே சொன்னார். குரங்கை நம்பி லிப்ட் ஓட்டும் நாட்டில், மின்சாரம் போனதும் பெட்டியை அடுத்த மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் மின்கலக் கருவி ஆடம்பரமா? திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் வாசலில் பளபளக்கிறது. அதைத் துடைக்க ஆள் தவறுவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996 இலேயே சட்டம் வந்தது, பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. எங்கள் ஊர் அலுவலகங்களில் அவை எந்த மாடியில் நிற்கின்றனவோ!

கோபம் எழுத்தை இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்கவும்.

அந்த உம்மாவை இந்தக் கிழமை மீண்டும் உங்கள் கட்டடத்தில் கண்டேன். ஒரு கையொப்பம் விடுபட்டிருந்ததாம். படியில் ஏறிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பற்றி. லிப்ட் அப்போது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 2009 இல் பாலம் திறந்ததிலிருந்து கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவது எளிது. உங்கள் நான்காம் மாடிக்குப் போவதுதான் அவருக்குப் பெரும் பயணம்.

மின்கலக் கருவிக்கு நிதி வர வேண்டும், கேள்விப்பத்திரம் கோர வேண்டும் என்பீர்கள்; காத்திருக்கிறோம். அதுவரை அந்த மணியைக் காவலாளியின் மேசையில் கேட்கும்படி செய்யுங்கள். அவர் எழுந்து வந்து கதவருகே நின்று, "லிப்ட் விழாது, காற்று வரும், கதவைத் தொட வேண்டாம், ஆள் வருகிறார்" என்று தமிழிலும் சிங்களத்திலும் உரக்கச் சொல்லட்டும். உரிந்த இலக்கத்தை மாற்றி ஒட்டுங்கள். அவசர விளக்கின் மின்கலத்தை மாற்றுங்கள். இவற்றுக்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை என்று நம்புகிறேன். தேவையென்றால், அதையாவது அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அன்று உள்ளே இருந்தவர்களில் ஒருவன்,
திருகோணமலை